மன்னிப்பதற்கு முன் கடனைக் கணக்கிடுங்கள்

இயேசு சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தில், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று சொல்லுகிறோம். கடன் என்ற அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்; வட்டியும் அடமானமும் பார்த்து வளர்ந்த கொங்கு நாட்டாருக்கு அது விளங்காத சொல் அல்ல. நமக்கு வரவேண்டியதை, வராது என்று தெரிந்தே தள்ளுபடி செய்வதுதான் மன்னிப்பு. ஆகவே முதலில் கடன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். "ஒன்றும் நடக்கவில்லை" என்று மழுப்புகிறவர் எதையும் மன்னிப்பதில்லை.

எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் பொதுக் கிணறு. நாள் வைத்து முறைத் தண்ணீர். மழை பொய்த்த ஓர் ஆண்டில், என் முறை வந்த இரவுகளில் அவர் மோட்டாரைப் போட்டுத் தம் தென்னைகளுக்குப் பாய்ச்சிக்கொண்டார். என் அரை ஏக்கர் மஞ்சள் காய்ந்தது. மூன்று ஆண்டுகள் பேச்சு இல்லை. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் இல்லை. கடைசியில் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். விதை மஞ்சள், உரம், களை எடுத்த கூலி என்று பணக்கணக்கு அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே, கிணற்றுமேட்டில் நான் கேட்டபோது அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு நடந்ததை எழுதும்போதுதான் கை நின்றது. நான் மன்னிக்க வேண்டியிருந்தது அதைத்தான். நீங்களும் எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம்.

பிறகு வேதாகமத்தில் மத்தேயு சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தை அந்தத் தாளின் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அதில் இயேசு ஓர் உவமை சொல்லுகிறார். அரசன் தன் ஊழியக்காரனுக்கு விட்டுக்கொடுத்தது பதினாயிரம் தாலந்து. அந்த ஊழியக்காரன் உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தது நூறு வெள்ளிப்பணத்துக்காக. ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலி என்று கொண்டால், 6 கோடி நாள் கூலியை மன்னிக்கப் பெற்றவன் 100 நாள் கூலியை விட மறுத்திருக்கிறான். அந்த நூறும் சிறிய தொகை அல்ல, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு; நமக்கு நேர்ந்த இழப்பை இயேசு அற்பமென்று ஒதுக்கவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பேசப் போகும்போது தனியாகப் போங்கள். பெரியவர்களைக் கூட்டி நியாயம் பேசுவது நம் பக்கத்து வழக்கம். ஆனால் அதே அதிகாரத்தின் 15ஆம் வசனம், நீயும் அவனும் தனித்திருக்கையில் குற்றத்தை உணர்த்து என்றே தொடங்குகிறது. நான் போனபோது அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. "வா கண்ணு, உக்காரு" என்றார். மோர் கொடுத்தார்கள், குடித்தேன்.

அடிக்கிறவரிடமும் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவரிடமும் திரும்பிப் போய் நிற்பதற்கு மன்னிப்பு என்று பெயர் இல்லை. அங்கே விலகி இருங்கள், போலீசில் புகாரும் கொடுங்கள். பழிவாங்கும் எண்ணத்தை மட்டும் கடவுளிடம் விட்டுவிடுங்கள்.

ஒருமுறை மன்னித்தால் முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட சீடர் பேதுருவுக்கு இயேசு சொன்ன ஏழெழுபது தரம் ஒரே குற்றத்துக்கே தேவைப்படலாம் என்பது என் அனுபவம். அவருடைய முறையன்று இரவில் மோட்டார் சத்தம் கேட்டால் பழைய எரிச்சல் இன்றும் எழுகிறது. அப்போது பாயில் எழுந்து உட்கார்ந்து, அவர் பெயரைச் சொல்லி, அவருடைய தென்னைகளுக்கும் தண்ணீர் குறைவில்லாமல் பாயட்டும் என்று ஜெபித்துவிட்டுப் படுக்கிறேன்.