கிளிங்கான் கேள்விகளும் தொடர்களும்: தமிழ் வழியே அவிழ்ந்த முடிச்சு

'ஸ்டார் ட்ரெக்' கதைகளில் வரும் வேற்றுக்கிரக இனத்துக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கிய கிளிங்கான் மொழியை ஆங்கிலம் வழியாகக் கற்றபோது, கேள்வி வாக்கியங்கள் என்னைத் திணறடித்தன. தமிழை வைத்துப் படிக்கத் தொடங்கியதும் பெரும்பகுதி தெளிந்தது.

ஆம், இல்லை என்ற பதிலைக் கேட்க, வினைச்சொல்லின் இறுதியில் 'ஆ' ஒட்டு வரும். நம் 'வந்தானா'வில் வருவதும் அதேதான்! நிபந்தனைக்குச் 'சுக்' என்ற ஒட்டு. அது நம் 'பெய்தால்' போன்றது. இவ்விரண்டும் ஒரே வகை ஒட்டுகள் என்பதால் ஒரே வினையில் சேர்ந்து வரா. 'மழை பெய்தால் அவன் போகிறானா?' என்பது 'ஷிஷ்சுக் ஜாஹ்ஆ?' ஆகும். கேள்வி தலைமை வினையில் நிற்கிறது, தமிழைப் போலவே.

'இவ்' என்றால் யார். பதில் நிற்க வேண்டிய இடத்திலேயே அது நிற்கும். செயப்படுபொருள் முதலிலும் எழுவாய் கடைசியிலும் வரும் மொழி இது. ஆகவே 'யாஷ் லெக் இவ்?' என்றால் அதிகாரியை யார் பார்க்கிறார். 'இவ் லெக் யாஷ்?' என்றால் அதிகாரி யாரைப் பார்க்கிறார். எழுவாய்க்கும் செயப்படுபொருளுக்கும் வேற்றுமை உருபு கிடையாது, இடமே பொருளைக் காட்டும்.

இணைப்புக்கு இரு சொற்கள்: வாக்கியங்களின் நடுவே 'எஜ்', பெயர்ச்சொற்களுக்குப் பின்னால் 'ஜே'. பின்னது நம் 'உம்' போலப் பின்னே வருவதால் எளிதில் மனத்தில் நின்றது.

'யார் வந்தார் என்று தெரியும்' என்பதில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. வினாச்சொல்லை அப்படி உள்ளே பொதிப்பதைத் தவிர்த்து, 'போக்' என்ற பெயரெச்ச ஒட்டால் 'வந்த ஆளைத் தெரியும்' என்று எழுதுகிறேன்.