கட்சித் தலைவரை யாரு தேர்ந்தெடுத்தான்னு நியூஸ்ல கண்டுபிடிக்கிறது எப்படி

2022ல பிரிட்டன்ல ஆளுங்கட்சியா இருந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்கு தலைவர் போட்டி நடந்தப்ப (ஜெயிக்கிறவரு பிரதமர், கடைசியா மோதுனது ரிஷி சுனக்கும் லிஸ் ட்ரஸ்ஸும்), கீழவாசல் டீக்கடையில ஒரு அண்ணன்கிட்ட பந்தயம் கட்டி ரெண்டு டீ ரெண்டு வடை தோத்தேன். எம்.பி.ங்க ஓட்டுல கடைசி ரவுண்டு வரைக்கும் சுனக்தான் பர்ஸ்ட்டு, 137 ஓட்டு, சரி முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டேன். ஆனா அங்க எம்.பி.ங்க வடிகட்டி ரெண்டு பேரை நிப்பாட்டுறதோட சரி, அதுக்கப்புறம் ஓட்டு சந்தா கட்டுன மெம்பருங்களோடது. ட்ரஸ் 81,326, சுனக் 60,399. என் வடை போச்சு.

அதனால மொத வேலை, ஓட்டு யார் கையில இருக்குன்னு பாருங்க, யாருக்கு கைதட்டல் ஜாஸ்தின்னு பாக்காதீங்க. ஆஸ்திரேலியா லிபரல் கட்சியில எம்.பி.ங்க மட்டும்தான், 2018ல மாரிசன் 45, டட்டன் 40, ஒரே நாள்ல பிரதமரே மாறிட்டாரு. அங்கயே லேபர் கட்சியில 2013லருந்து மெம்பர் பாதி எம்.பி. பாதி. அந்த வருசமே மெம்பருங்க அல்பனீஸிக்குப் போட்டாய்ங்க, எம்.பி.ங்க ஷார்ட்டனுக்கு, கூட்டிப் பாத்தா ஷார்ட்டன்.

அடுத்து, போட்டியில நிக்கவே எத்தனை கையெழுத்து வேணும்னு பாருங்க. அதே 2022 அக்டோபர்ல ட்ரஸ் விலகுனதும் 100 எம்.பி. ஆதரவு வேணும்னு வச்சாய்ங்க, கடைசில சுனக் மட்டும்தான் களத்துல நின்னாரு, மெம்பருங்களுக்கு ஓட்டே இல்ல. அண்ணன் மறுபடி மெம்பருங்களை நம்பி கட்டிருந்தாரு, வடை திரும்பி வந்துருச்சு.

நம்ம ஊருக்கு வந்தா கொஞ்சம் நிதானமா படிக்கணும். கட்சித் தலைவர் வேற, சட்டமன்றக் கட்சித் தலைவர் வேற, முதல்வர் ஆகப்போறது ரெண்டாவது ஆளு, அவரைத் தேர்ந்தெடுக்குறது எம்.எல்.ஏ.ங்க (2017ல கூவத்தூர்ல எம்.எல்.ஏ.ங்களைத்தான் தங்க வச்சாய்ங்க, கட்சித் தொண்டரை இல்ல, ஏன்னு புரியுதுல்ல). ஆனா பேப்பர்ல "ஒருமனதாக தேர்வு"ன்னு போட்டா அங்கயே நிறுத்தாதீங்க, கீழ வரைக்கும் படிங்க. டெல்லியிலருந்து மேலிடப் பார்வையாளர் வந்தாரு, எம்.எல்.ஏ.ங்களை ஒவ்வொருத்தரா கூப்ட்டு கேட்டாரு, முடிவை மேலிடத்துக்கே விடுறோம்னு ஒரு வரித் தீர்மானம் போட்டாய்ங்கன்னு இருந்தா, தேர்ந்தெடுத்தது அந்த ஹால்ல உக்காந்தவுங்க இல்ல. அதுக்காக எல்லாமே நாடகம்னும் சொல்லிற முடியாது, 1964ல சாஸ்திரியை பிரதமராக்க காமராஜர் ஆளாளுக்கு கருத்து கேட்டு ஓட்டு இல்லாமலே முடிச்சாரு, ஆனா 1966ல மொரார்ஜி தேசாய் விட்டுக்கொடுக்கல, காங்கிரஸ் எம்.பி.ங்க நெசமாவே ஓட்டுப் போட்டு இந்திரா 355, மொரார்ஜி 169.

கடைசியா ஒண்ணு, தேர்வானவரு எம்.எல்.ஏ.வே இல்லையேன்னு வாட்ஸ்அப்ல எவனாச்சும் குதிச்சா பதறாதீங்க, 6 மாசத்துக்குள்ள சபைக்குள்ள வந்தா போதும். நம்ம விருதுநகர்க்காரரு காமராஜரே 1954ல ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.பி.யா இருந்துக்கிட்டு சி.சுப்பிரமணியத்தை கட்சிக்குள்ள ஓட்டுல ஜெயிச்சு முதல்வராகி, தோத்தவரையும் மந்திரியாக்கி, அப்புறம்தான் குடியாத்தம் இடைத்தேர்தல்ல நின்னு எம்.எல்.ஏ. ஆனாரு.