பட்ஜெட் டிவியா, நடுத்தர டிவியா?

கேபிளில் சீரியலும் செய்தியும் மட்டும் ஓடும் வீடு என்றால் பட்ஜெட் டிவியே போதும், 4கே-க்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஆனால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் வாசக்கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். அந்த வெளிச்சத்தில் 250 நிட்ஸ் (திரையின் வெளிச்ச அளவு) பேனலில் ராத்திரிக் காட்சி வந்தால், திரையில் நம் முகம்தான் தெரியும்! அப்படிப்பட்ட ஹாலுக்கு 350 நிட்ஸாவது உள்ள நடுத்தர மாடலைப் பாருங்கள். பெட்டியில் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் தெளிவாகக் காட்டும் வசதி) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

வண்ணார்பேட்டைக் கடையில் ஓடும் பளபள டெமோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, இருட்டான சினிமாக் காட்சி ஒன்றை யூடியூபில் போடச் சொல்லுங்கள். டிவியின் ராம் (வேலை செய்யும் நினைவகம்) 1 ஜிபி என்றால் யூடியூப் திறப்பதற்குள்ளேயே பொறுமை போய்விடும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான், முன்பு 28. அப்புறம், சர்வீஸ் ஆள் உள்ளூரிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்து வரணுமா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.