பட்டறையில் ஒரு பழுது நோட்டு

மதுரையை ஒட்டிய கப்பலூர் பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களுக்கு இது உதவும். பெரிய மிஸ்திரி லீவு போட்டால் வேலை நின்றுவிடுகிறதா? ஒரு நீள நோட்டு வாங்கி மேஜை மேல் வையுங்கள். சரிசெய்த ஒவ்வொரு பழுதுக்கும் இப்படி நாலு வரி போதும்:

"சிங்கிள் பேஸ் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. காயில் போச்சு என்று நினைத்தோம். கெபாசிட்டர்தான் வீக். மாற்றியதும் சரி."

இதில் இரண்டாவது வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். புதுப் பையன்கள் தடுமாறுவது அங்கேதான்.

மிஸ்திரி எழுத மாட்டார், சொல்லவே யோசிப்பார். தொழில் நுணுக்கம் வெளியே போனால் தன் மதிப்பும் போய்விடும் என்ற பயம், நியாயமானதுதான். டீ நேரத்தில் அவர் சொல்லட்டும், பையன் எழுதட்டும், கீழே அவர் பெயரைப் போடுங்கள். மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தன் வேலைமுறையை மற்ற கண் மருத்துவமனைகளுக்குச் சொல்லித்தர 1992-ல் லைகோ என்று தனி நிறுவனமே அமைத்தது. அதனால் அங்கே கூட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே தேட வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் மெஷின் வாரியாகப் பக்க எண் குறித்துவிடுங்கள்.