வெள்ளைப்படுதலுக்கு மருந்து வாங்கும்போது நம் கடற்கரைப் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் தீவில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக நிற்கிறேன். இந்த நோய் எங்கள் கடைக்குப் பெரும்பாலும் துண்டுச்சீட்டாகத்தான் வந்து சேரும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் கையில் நாலாக மடித்த ஒரு தாள். பிரித்தால் "வெள்ளைக்கு மாத்திரை" என்று மட்டும் இருக்கும். யாருக்கு, என்ன வயசு, முழுகாமல் இருக்கிறாரா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, ஒன்றும் தெரியாது. "அம்மாவை எனக்குப் போன் பண்ணச் சொல்லு தம்பி" என்று அனுப்பினால் பத்தில் ஐந்து பேர்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் வேறு கடையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு இருக்கிற மருந்துகள் நல்ல மருந்துகள். சரியான ஆளுக்கு, சரியான நோய்க்குக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே வாரத்தில் குணமாகிவிடும். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, பாதியைச் சொல்லி மீதியைக் கடைக்காரர் ஊகத்துக்கு விடுகிறோமே, தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எல்லா வெள்ளையும் பூஞ்சை இல்லை

இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் நாலைந்து நாள் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக வருவது இயற்கை. கர்ப்ப காலத்தில் அது இன்னும் கூடும். அரிப்பும் நாற்றமும் இல்லை என்றால் அதற்கு மருந்தே வேண்டாம். "வெள்ளை போனா எலும்பு உருகிடும்" என்று என் பாட்டி காலத்துப் பேச்சு இன்னும் ஊருக்குள் உலவுகிறது. எலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பூஞ்சைத் தொற்று வேறு மாதிரி இருக்கும். திரிந்த பால் போல, தயிர்க்கட்டி போலக் கெட்டியாக வரும். நாற்றம் பெரிதாக இருக்காது, ஆனால் தாங்க முடியாத ஊறல் இருக்கும். அந்த இடம் சிவந்து வீங்கும், சிறுநீர் பட்டாலே எரியும். இதற்குக் காரணம் கேண்டிடா என்ற பூஞ்சை, பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற வகை. நாலு பெண்களில் மூன்று பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது இது வருகிறது. ஆகவே யாரும் குற்றவாளி போல ஒளிந்து நிற்க வேண்டியதில்லை.

நாற்றம்தான் முக்கியக் குறிப்பு. தண்ணீர் போல, சாம்பல் நிறத்தில், மீன் கவிச்சியோடு வந்தால் அது பூஞ்சை இல்லை, பாக்டீரியா கிருமிகளின் பெருக்கம். அதற்கு மெட்ரோனிடசோல் போன்ற வேறு மருந்து உண்டு. நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கருவாடு காயப்போடும் ஒரு மதினி மூன்று மாதமாகப் பூஞ்சை மாத்திரை வாங்கிப்போனார். நான்காவது தடவை கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "வாடை ஏதும் இருக்கா மதினி?" என்று கேட்டேன். "இருக்கு. கருவாட்டுல கெடக்குற உடம்பு, அந்த வாடைதான்னு இருந்துட்டேன்" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். பாக்டீரியா என்று சொல்லி ஏழு நாள் மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. வேலை வாடை குளித்தால் போய்விடும். குளித்த பிறகும் இருந்தால் அது வேலை வாடை இல்லை.

நுரைத்துக்கொண்டு மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் அது டிரைக்கோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம். அது உறவு வழியாகப் பரவுவது. கணவனும் மனைவியும் சேர்ந்து மருந்து சாப்பிடாவிட்டால் தீராது. அடிவயிற்று வலி, காய்ச்சல், புண், மாதவிலக்கு இல்லாத நாளில் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் கடைக்கு வராதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் தடவையாக இந்த அரிப்பு வருகிறவர்களும், மாதவிலக்கு நின்றுபோனவர்களும், இன்னும் பெரிய மனுஷி ஆகாத பிள்ளைகளும் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரே இரவில் அரிப்பை நிறுத்தும் டியூப்

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்புகள் கடைகளில் கிடைக்கின்றன. வீட்டில் யாருக்கோ தொடையில் படை வந்தபோது வாங்கிய டியூப் பாதி மீதமிருக்கும், அதையே எடுத்துத் தடவிவிடுவார்கள். அன்று ராத்திரியே அரிப்பு நின்றுவிடும். அதனால்தான் அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் நின்றது அரிப்பு மட்டும்தான். ஸ்டீராய்டு நம் உடம்பின் எதிர்ப்பை அமுக்கிவிடுவதால் சிவப்பும் வீக்கமும் அடங்குகின்றன, அந்த மறைவில் பூஞ்சை வளர்ந்துகொண்டே இருக்கிறது. டியூப் தீர்ந்ததும் இரண்டு மடங்காகத் திரும்பும். நாள்பட்டால் அந்த மெல்லிய தோல் இன்னும் மெலிந்து, உராய்ந்தாலே வெடிக்கும்.

டியூப்பின் முதுகில் பொடி எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். கிளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. அதை மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் அந்த இடத்தில் தடவக் கூடாது. 2018-இல் மத்திய அரசு தோலில் தடவும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இந்தத் தொல்லையால்தான். வெறும் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்து மட்டும் இருக்கும் தோல் களிம்பை வெளியில் தடவலாம். உள்ளே வைப்பதற்கென்று தனியாக மருந்து இருக்கிறது.

உள்ளே வைக்கும் மாத்திரை

குளோட்ரிமசோல் 100 மில்லிகிராம், ஆறு மாத்திரை கொண்ட அட்டை, கூடவே வெள்ளை பிளாஸ்டிக்கில் பேனா அளவு ஒரு குழல். "இதை முழுங்கக் கூடாது" என்று நான் இப்போது அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு அக்கா இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி முழுங்கிவிட்டு, "இந்தக் குழல் எதுக்கு, சிரப் ஊத்தவா?" என்று கேட்டு வந்தார். வயிற்றுப் பிரட்டலோடு போயிற்று, ஆனால் நோய் அப்படியே இருந்தது. தவறு என்னுடையதும்தான். அன்று கடையில் கூட்டம், காகிதப் பையில் போட்டு நீட்டிவிட்டேன்.

வைக்கும் முறை இதுதான். படுக்கப் போகிற நேரத்தில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாத்திரையைக் குழலின் நுனியில் செருகுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வலிக்காத ஆழம் வரைக்கும் மெதுவாக உள்ளே விட்டு, பின்னால் உள்ள தண்டை அழுத்தினால் மாத்திரை உள்ளே தங்கும். குழலை வெளியே எடுத்து வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவிக் காயவையுங்கள். அக்காவும் தங்கையும் ஒரே குழலைப் பயன்படுத்தக் கூடாது. பகலில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனால் கரைந்தது வழிந்துவிடும். காலையில் உள்ளாடையில் சுண்ணாம்பு போலக் கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் மாவுதான். மாதவிலக்கு தேதி நெருங்கியிருந்தால் அது முடிந்தபின் ஆரம்பிப்பது நல்லது. மருந்து வைக்கிற நாட்களில் உறவு வேண்டாம். இந்த மருந்து ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்திவிடும், அதை நம்பி இருந்தவர்கள் கவனியுங்கள்.

இரண்டாம் நாளே அரிப்பு குறையும். அதோடு நிறுத்திவிட்டு மீதி நாலு மாத்திரையைக் கொழுந்தியாளுக்குக் கொடுக்கிறார்கள். ஆறையும் வைத்து முடியுங்கள்.

150 மில்லிகிராம் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும்

புளுகோனசோல் 150 என்பது வாயால் சாப்பிடும் ஒற்றை மாத்திரை. சாதாரணத் தொற்றுக்கு ஒன்றே போதும். உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் ஆகும், ஆகவே பல நாள் தங்கி வேலை செய்யும். மறுநாள் காலையில் இன்னும் ஊறுகிறதே என்று இரண்டாவதை வாங்க வருவது அவசரம். மூன்று நாள் பொறுங்கள்.

முழுகாமல் இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை வேண்டாம். கருச்சிதைவு அபாயம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இலேயே எச்சரித்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு உள்ளே வைக்கும் மருந்தை ஏழு நாள் கொடுப்பதுதான் வழக்கம். அதையும் மருத்துவர் சொல்லி, குழல் இல்லாமல் விரலால் வைப்பது பத்திரம். தேதி தள்ளிப்போயிருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை அட்டையை வாங்குங்கள்.

2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபின் எங்கள் பக்கத்துக் குப்பங்களில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது. எவ்வளவோ பேருக்குப் பெரிய உதவி. ஆனால் வீட்டுக்கே வருவதால் பலருக்கு அது "மருந்து" என்ற கணக்கில் சேர்வதில்லை. "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்றால் "இல்லை" என்பார்கள், கேட்டுக் கேட்டுத்தான் சர்க்கரை மாத்திரை வெளியே வரும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளோடு புளுகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டு. வீட்டில் இருந்தால் சீனித் தண்ணீர் குடித்துத் தேறலாம். வெறும் வயிற்றோடு கடல்பாசி எடுக்கத் தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போது கண் இருட்டினால் என்ன ஆகும்? இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்பரின், வலிப்புக்கான பெனிடாயின், கொழுப்புக்கான சில மாத்திரைகள் இவையும் இதோடு மோதும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் முன்பே சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இன்னொன்று, டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. அதனாலேயே சிலருக்கு இந்தப் பூஞ்சை வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாசிக்குப் போகிறவர்களுக்கு

என் அம்மா பாசி எடுத்தவர். சேலைக்கு மேல் அப்பாவின் சட்டை, உள்ளே நைலான் லெகின்ஸ், விரல் ஒவ்வொன்றிலும் சுற்றிய துணிக்கீற்று, கண்ணில் கண்ணாடி. மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்த்து இடுப்புப் பையில் சேர்க்க ஐந்தாறு மணி நேரம். கரைக்கு வந்தபின்னும் அதே ஈரத்தோடு உட்கார்ந்து குப்பையும் சிப்பியும் பொறுக்குவார். ஈரமும் வெதுவெதுப்பும் காற்றுப் புகாத துணியும்தான் பூஞ்சைக்கு வேண்டியது. மருந்து தொற்றைத் தீர்க்கும், ஆனால் அடுத்த வாரம் அதே ஈரத்தில் அதே நேரம் உட்கார்ந்தால் மறுபடி வரக்கூடும். பையில் ஒரு உலர்ந்த பருத்தி உள்ளாடையும் பாவாடையும் வைத்திருங்கள். பொறுக்க உட்காரும் முன் இரண்டு பேர் சேலையைப் பிடித்து மறைத்தால் மாற்றிக்கொள்ளலாம். பாறை கிழித்த காயத்துக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டு ஒரு வாரத்தில் இந்த அரிப்பு வருவதும் நடக்கும். அந்த மருந்து உள்ளே இருக்கும் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடுவதால் வருவது அது.

லாக்டோபாசில்லஸ் என்ற அந்த நல்ல கிருமிகள்தான் உள்ளே புளிப்புத் தன்மையைக் காத்து மற்றவற்றை அடக்கி வைக்கின்றன. டெட்டால், சோப்பு, எலுமிச்சை, உப்புத் தண்ணீர், "கடல் தண்ணி எல்லாத்தையும் அறுத்துடும்" என்று உள்ளே ஊற்றிக் கழுவுவது, எல்லாமே அந்தக் காவலைக் கலைப்பவை. பூண்டுப் பல்லை உள்ளே வைத்துப் புண்ணாகி வந்தவரையும் பார்த்திருக்கிறேன். வெளியில் மட்டும் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். வேப்பிலைத் தண்ணீர்கூட வேண்டாம்.

திரும்பத் திரும்ப வந்தால்

வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் கடை மருந்தை நிறுத்திவிட்டுச் சர்க்கரையைப் பாருங்கள். பலருக்குச் சர்க்கரை இருப்பதே இப்படித்தான் தெரிய வருகிறது. சில நேரம் கேண்டிடா கிளாப்ரேட்டா என்ற வேறு வகையாக இருக்கும். அது புளுகோனசோலுக்குச் சரியாக மசியாது, அந்த வெள்ளையைப் பஞ்சில் தொட்டெடுத்துச் சோதித்தால்தான் தெரியும். வழக்கமான வகையே மறுபடி மறுபடி வருகிறவர்களுக்கு வாரம் ஒரு மாத்திரை என்று ஆறு மாதம் கொடுக்கும் முறை உண்டு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லை என்றால் பூஞ்சைக்காக அவர் மருந்து சாப்பிட வேண்டியதில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதைக் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கத் தயங்காதீர்கள். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், 104-க்கும் போன் செய்யலாம்.

சீட்டுதான் கொடுத்தனுப்புவேன் என்றால் சரி, கொடுத்தனுப்புங்கள். அதில் இவ்வளவையும் எழுதுங்கள்: வயசு. கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி. அரிப்பு இருக்கா, வாடை இருக்கா, என்ன நிறம். வயிறு வலிக்குதா. முதல் தடவையா, இந்த வருஷம் எத்தனையாவது தடவை. சர்க்கரை, வலிப்பு, இருதயம் என்று சாப்பிடுகிற மாத்திரை. கீழே உங்கள் போன் நம்பர்.