நோர்வே மதியச் சமையல்: உப்பு மீன் வாங்குமுன் இதை வாசியுங்கள்

பதிவுகள், வரி அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் இங்கே வழிகாட்ட ஆள் இருக்கிறது. கொம்யூனில், அதாவது உள்ளூராட்சி அலுவலகத்தில், கேட்டால் படிப்படியாகச் சொல்லித் தருவார்கள். இந்த நாட்டுச் சாப்பாட்டை வீட்டில் எப்படிச் சமைப்பது என்று மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. புதிதாக வந்த என் மச்சாள் அதனால் ஒரு பெரிய மீனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தையும் இழந்தாள். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

வேலைநாளில் மதியச் சாப்பாடு பதினொன்று, பதினொன்றரைக்கு முடிந்துவிடும். அரை மணி நேரம்தான். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் பாண் துண்டுகள், ஒட்டாமல் இருக்க இடையிலே தாள். இதற்கு மாத்பக்கே என்று பெயர். 1930களில் ஒஸ்லோப் பள்ளிகளில் கார்ல் ஷியோட்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியர் அடுப்பில் வைக்காத ஒரு சாப்பாட்டைக் கொண்டுவந்தார்: தவிட்டுப் பாண், சீஸ், பால், பழம், கரட், மீனெண்ணெய். இன்றைய மாத்பக்கே அந்த வழியில் வந்தது. பெரும்பாலான பள்ளிகளில் இன்றும் சூடான சாப்பாடு இல்லை. சோறும் கறியும் கட்டிக் கொடுத்து, பிள்ளை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தால் பிள்ளையை ஏசாதீர்கள். சூடாக்க அங்கே வசதி இல்லை, சாப்பிட நேரமும் இல்லை. தக்காளிச் சாற்றில் போட்ட மக்கரல் ரின் எல்லாக் கடையிலும் கிடைக்கும். பாணும் ரின் மீனும் எங்களுக்குப் புதிதா என்ன?

சமைப்பதென்றால் சனி, ஞாயிறு. சனி மதியத்துக்குப் பால்சோறு மாதிரியான ரீஸ்க்ரோட். இதற்கு க்ரோட்ரீஸ் என்று கடையில் விற்கும் உருண்டை அரிசிதான் வேண்டும், பாஸ்மதி சரிவராது. 250 மி.லி. அரிசியை 500 மி.லி. தண்ணீரில் வேகவிட்டு, தண்ணீர் வற்றியதும் ஒரு லீற்றர் பால் ஊற்றி, குறைந்த சூட்டில் முக்கால் மணி நேரம் அடிக்கடி கிண்டுங்கள். கடைசியில் கொஞ்சம் உப்பு. மேலே சீனி, கறுவாத்தூள், நடுவில் ஒரு துண்டு பட்டர். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

இனி மீனுக்கு வருகிறேன். கடையில் காய்ந்த கொட் மீன் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று தொர்ஃபிஸ்க்: உப்பே போடாமல், லோஃபோத்தன் தீவுகளில் பெப்ரவரியிலிருந்து மே வரை மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே காயவைப்பது. விறகுபோல இருக்கும், ஊற ஒரு வாரம் வேண்டும். மற்றது கிளிப்ஃபிஸ்க்: உப்பில் புதைத்துப் பிறகு காயவைத்தது. கிறிஸ்தியான்சுண்ட், ஓலசுண்ட் ஊர்களின் செல்வமே ஒரு காலத்தில் இதுதான். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் கப்பலில் போன இந்த மீனுக்குப் பதிலாக அங்கிருந்து வந்த சமையல்தான் பக்கலாவு. தக்காளி, வெங்காயம், ஒலிவ் எண்ணெய், செத்தல் மிளகாய் எல்லாம் போட்ட ஒரு நோர்வே சாப்பாடு! முதன்முதல் அந்த வாசனை குசினியில் எழும்பியபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

மச்சாளும் அந்த ஆசையில்தான் கணவரின் வேலைத்தலத்து ஆட்களை ஞாயிறு மதியத்துக்குக் கூப்பிட்டாள். பார்த்த செய்முறையில் '750 கிராம் கிளிப்ஃபிஸ்க்' என்று இருந்தது. எழுதியவர் மனதில் வைத்திருந்தது தண்ணீரில் ஊறவைத்து உப்பு இறக்கிய மீன். அதை விளக்கிச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இங்கே பிறந்தவர்களுக்கு அது தெரியும். அவள் வாங்கியது காய்ந்தது. ஊரில் கருவாட்டுக்குச் செய்வதுபோல சுடுதண்ணீரில் கழுவி, அரை மணி ஊறவைத்துச் சட்டியில் போட்டாள். ஒருவராலும் இரண்டாவது வாய் வைக்க முடியவில்லை. விலையும் கொஞ்சமல்ல.

ஊரில் அந்த அரை மணி போதும். கருவாடு சோற்றோடு சேரும் துணைதான். உப்புக் கூடினாலும் புளியும் தேங்காய்ப்பாலும் கத்தரிக்காயும் இழுத்துக்கொள்ளும், மிச்சத்தைச் சோறு பார்த்துக்கொள்ளும். பக்கலாவில் மீன்தான் சாப்பாடு. அள்ளி அள்ளி வைப்பார்கள். அந்த உப்பு ஒளிய இடமில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பொதியில் 'உத்வன்னத்' என்று இருந்தால் உப்பு இறக்கியாகிவிட்டது. இல்லையென்றால் மீனைத் துண்டு போட்டு, பெரிய பாத்திரத்தில் நிறையக் குளிர்ந்த தண்ணீரில், தோல் மேலே இருக்க வைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். வெளியே வைத்தால் பழுதாகும். சுடுதண்ணீர் கூடவே கூடாது. மேல்சதை வெந்து உள்ளே உப்பு நின்றுவிடும். நாளுக்கு இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றுங்கள். மெல்லிய துண்டுக்கு ஒரு நாள், தடித்ததுக்கு இரண்டு நாள். ஞாயிறு விருந்தென்றால் வெள்ளி காலையே தொடங்கவேண்டும். பிறகு தடித்த இடத்தில் ஒரு துண்டு கிள்ளி, அவித்து, ருசி பாருங்கள். உப்புக் கரித்தால் இன்னொரு தண்ணீர்.

மிச்சம் சுலபம். 750 கிராம் ஊறிய மீன், ஒரு கிலோ உருளைக்கிழங்கு, நான்கு வெங்காயம், இரண்டு ரின் தக்காளி, 200 மி.லி. ஒலிவ் எண்ணெய், மிளகாய். வட்டமாக வெட்டிய கிழங்கும் வெங்காயமும் மீனுமாக அடுக்கி, தக்காளியும் எண்ணெயும் ஊற்றி, குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம். அகப்பை போட்டுக் கிண்டினால் மீன் உதிரும். சட்டியைப் பிடித்து ஆட்டிவிடுங்கள். கடைசியில் ருசி பார்க்கும்வரை உப்பைத் தொடவேண்டாம்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1980களில் வடக்கே பின்மார்க் கரையோர மீன் ஆலைகளில் எங்கள் தமிழ் ஆட்கள் குளிரில் நின்று மீன் வெட்டினார்கள். அந்த அண்ணைமாரும் அக்காமாரும் இன்று ஒஸ்லோவிலும் பேர்கனிலும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். மீனைத் தொட்டுப் பார்த்தே எத்தனை நாள் ஊறவேண்டும் என்று சொல்லக்கூடியவர்கள். நாங்கள் அவர்களைக் கேட்காமல் காணொளியைத் தேடுகிறோம். ஒரு தொலைபேசி போதும். சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.

முதல்முறையே நோர்வே ஆட்களுக்கு விருந்து வைப்பதென்றால் மீனை விட்டுவிட்டு, ஆட்டிறைச்சியும் கோவாவும் (முட்டைக்கோஸ்) சேர்ந்த ஃபோரிகோல் சமையுங்கள். 1972ல் வானொலி நேயர்கள் தேசிய உணவாகத் தெரிவு செய்தது. 2014ல் மறுபடி வாக்கெடுத்தபோதும் இதுதான் வென்றது. எலும்போடு ஆட்டிறைச்சி ஒன்றரைக் கிலோ, அதே அளவு கோவா, நான்கு தேக்கரண்டி முழு மிளகு, இரண்டு தேக்கரண்டி உப்பு, 300 மி.லி. தண்ணீர். அடுக்கி மூடி, இரண்டரை மணி நேரம். அவித்த கிழங்கைத் தனியாக வையுங்கள். தாளிக்கவேண்டாம், தூள் போடவேண்டாம். மிச்சம் இருந்தால் அடுத்த நாள் உங்கள் விருப்பப்படி தூள் போட்டுப் பிரட்டலாம்.