கப்பல் ஏறுமுன் சிங்கப்பூரில் இரண்டு இரவு

சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் முனையங்கள் இரண்டு: மரினா பே, ஹார்பர்ஃபிரண்ட். கப்பல் எதிலிருந்து புறப்படுகிறது என்று டிக்கெட்டில் பார்த்த பிறகே ஓட்டல் பதிவு செய்யுங்கள். எனக்குச் சரிப்பட்ட இடம் லிட்டில் இந்தியா. அங்கிருந்து ஊதாத் தட எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நேராக ஹார்பர்ஃபிரண்ட் போகும். மரினா பே முனையத்துக்கு தோபி காட் நிலையத்தில் சிவப்புத் தடத்துக்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்க வேண்டும். பெயரை நம்பி மரினா பே நிலையத்தில் இறங்கினால் பெட்டியோடு அலைச்சல்தான்.

கப்பல் சிங்கப்பூருக்கே திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. விசா பலமுறை நுழைவுக்கானதா பாருங்கள். முதலில் சிங்கப்பூருக்குள் நுழைய நிரப்பிய வருகை அட்டையையும் மறுபடி இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. ஆனால் திரும்பும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள்தான் ஏற்பார்கள். கப்பல் வைஃபைக்குக் காசு கொடுப்பதைவிட, நடுவில் பினாங்கு போல ஏதாவது துறைமுகத்தில் இறங்கும்போது முடித்துவிடலாம்.

பெரிய பெட்டியை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வர மாலையாகலாம். பாஸ்போர்ட், மாத்திரை, மாற்றுடை கைப்பையில் இருக்கட்டும்.